ரத்தினசாமியின் பூத்தேயிலை

ரத்தினசாமியின் கைகள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடும்வரை ஆட்களெல்லாம் கம்பளிக்குள் கையை ஒடுக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர் மட்டும் எட்டின தூரத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அதன் பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டிருப்பார். செடி இல்லையென்றால் தன் கம்பளியிலேயே நூல் பிரிப்பார். அந்தக் கம்பளியின் ஒரு ஓரம் முழுக்கக் குஞ்சலம் விட்டதுபோல இருக்கும். வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்பார். அவர் மனைவி முத்துப்பேச்சி கேட்டுக்கொண்டிருந்தால், "பொய்" என்பாள்.

இந்தக் கதையைப் பாதி அவர் சொன்னார். மீதியை முத்துப்பேச்சி சொன்னாள், அவர் சொன்னதைத் திருத்திக்கொண்டே.

எங்கள் எஸ்டேட் மாட்டுப்பட்டிக்கு மேலே, பனி விழுகிற பக்கம். துரை பங்களாவின் முன்னால் ஒரு செடி நிற்கிறது. ஆள் உயரம். கருகருவென்று எண்ணெய் தடவினதுபோன்ற இலை, எந்தக் காலத்திலும் உதிராது. புல்லெல்லாம் பனியில் கருகிக் கிடக்கும் மார்கழியில்தான் அது பூக்கும். உள்ளங்கை அகலத்துக்கு, அடுக்கடுக்காய், ரத்தச் சிவப்பில். துரைமார் அதைக் கமேலியா என்கிறார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அதன் பெயர் பூத்தேயிலை. இலையைத் தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் வேறு பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தேயிலைக்கு அக்காள் மாதிரி இருக்கும், கொஞ்சம் தடித்த அக்காள்.

ரத்தினசாமிக்குச் சொந்த ஊர் சங்கரன்கோயில் பக்கம். மழையில்லாத ஒரு வருஷத்தில், பதினாலு வயதில், போடி வந்து குரங்கணி வழியாக நடந்து மலையேறினார். முதலில் காட்டுவெட்டு, பிறகு குழிவெட்டு, பிறகு கவ்வாத்து. கவ்வாத்து என்பது தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி மறுபடி தழைக்க விடுகிற வேலை. கத்தி சாய்ந்து விழவேண்டும், ஒரே வெட்டாக விழவேண்டும், பட்டை கிழியக்கூடாது. கிழிந்தால் தண்ணீர் தங்கிக் கட்டை அழுகிவிடும். ரத்தினசாமி வெட்டின நிரையில், அதாவது செடி வரிசையில், விரலை வைத்துப் பார்த்தால் கண்ணாடிபோல வழுக்கும் என்று பெரியமுத்துக் கங்காணியே சொல்லுவார். கங்காணி வாயில் அப்படி ஒரு வார்த்தை வருவது லேசில்லை.

தேயிலைக்காரனுக்குப் பூ என்பது கெட்ட வார்த்தை. தேயிலையும் பூக்கத்தான் செய்யும், சின்னதாய், வெள்ளையாய். ஆனால் கவனிப்பில்லாத செடிதான் பூக்கும். "உன் நிரையில பூ விட்டிருக்குலே" என்று ஒருவனைப் பார்த்துச் சொன்னால் அவன் நாலு நாள் தலை நிமிர மாட்டான். இருபது வருஷம் அப்படியே வாழ்ந்த கை ரத்தினசாமியுடையது. மொட்டைக் கண்டால் கிள்ளிவிடும், அவரைக் கேட்காது.

பெரிய வெள்ளம் வந்து ரயில் பாதையைக் கொண்டுபோனதற்கு மூன்றாம் வருஷம், மாசி மாதத்தில், மேட்டு நிரையில் அவர் கால் வைத்திருந்த கல் புரண்டது. வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. கம்பவுண்டர் கட்டுப்போட்டார். கட்டு அவிழ்த்த பிறகும் கால் மடங்கவில்லை.

கங்காணி லயத்துக்கு வந்து பார்த்தார்.

"என்ன ரத்தினம், கால் எப்படி இருக்கு?"

"மலை ஏறிருவேன் கங்காணியாரே."

"எங்க, இந்தப் படியை ஏறு பாப்போம்."

லயத்துக்கு மொத்தம் ஐந்து படி. மூன்றில் மூச்சு நின்றது. பல்லைக் கடித்து ஐந்தையும் ஏறிவிட்டார்.

"ஏறிட்ட. இப்ப இறங்கு."

இறங்க முடியவில்லை. மேல்படியில் நின்றுகொண்டு அவர் சுவரின் காரையைச் சுரண்ட ஆரம்பித்தார்.

"சரி விடு, சுவரைத் தின்னுராத" என்றார் கங்காணி. "பங்களாத் தோட்டத்துக்கு ஆள் இல்ல. மூணு பேர் வந்து மூணு பேரும் போயாச்சு. துரைசாணி கப்பல்ல கொண்டாந்த செடி ஒண்ணு நிக்கி. வருசத்துக்கு நாலு மொட்டு விடும், நாலும் விழுந்துரும். வார புதுவருச விருந்துக்கு அது பூத்திருக்கணும்னு துரைசாணி ஒத்தக்கால்ல நிக்கி. பூத்தா நீ தோட்டக்காரன். பூக்கலைன்னா சீட்டுதான். என் கையில இல்ல, துரை சொல்லிட்டாரு."

சீட்டு என்றால் பத்துச்சீட்டு. வேலையிலிருந்து விலக்கிக் கீழே அனுப்புகிற காகிதம். அது வந்தால் லயத்து அறையும் போய்விடும். கீழே அவர்களுக்கு ஒரு ஓட்டுத்துண்டுகூடக் கிடையாது. ஒரே மகள் வேலுத்தாயை அந்தத் தையில்தான் அடுத்த டிவிஷனில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"சீட்டு வந்தா நீரு மட்டும் போவும்" என்றாள் முத்துப்பேச்சி. "மக இருக்கிற மலையை விட்டு நான் இறங்க மாட்டேன்."

"செடி பூத்திரும்டி."

"பூவைக் கிள்ளியே கஞ்சி குடிச்ச மனுசன் நீரு. உம்மகிட்டப் போய்ப் பூக்கச் சொன்னானே, அவனைச் சொல்லணும்."

பங்களாவில் அவருக்கு மேல் பட்லர் இன்னாசிராஜ். தூத்துக்குடிக்காரர். வெள்ளை கோட்டு, தேய்த்துச் சீவின தலை. துரைக்கும் ஆட்களுக்கும் நடுவில் போகிற சொல்லெல்லாம் அவர் வாய் வழியாகத்தான் போகவேண்டும். முதல் நாளே செடியைக் காட்டினார். அதைச் சுற்றி வட்டமாகப் பதினாலு கல், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவு.

"ஈஸ்டருக்கும் கிறிஸ்மஸுக்கும் இந்தக் கல்லுக்கு வெள்ளை அடிக்கணும். இது பங்களா சட்டம். என் மச்சான் ஒருத்தன் ஊர்ல சும்மா இருக்கான், அவனைக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள கங்காணி உன்னைத் தள்ளிவிட்டுட்டாரு. பரவால்ல. டிசம்பர் வரைக்கும்தானே."

ஈஸ்டர் சித்திரையில் வந்தது. ரத்தினசாமி கல்லுக்கு ஒரு பூச்சுக்கு இரண்டு பூச்சாக அடித்தார். வாளியில் மிஞ்சின சுண்ணாம்புத் தண்ணீரை எறும்பு வராமலிருக்கட்டும் என்று தூரிலேயே ஊற்றினார். பங்களா அடுப்புச் சாம்பலைத் தினமும் அள்ளிவந்து உரமாகப் போட்டார். காலையில் தண்ணீர், சாயங்காலம் தண்ணீர். மண்ணைக் கொத்திவிட்டார். கொத்தின மண்ணை மறுநாளும் கொத்தினார்.

இலை மஞ்சளடித்தது. முழு மஞ்சள் இல்லை. நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவில் மஞ்சள், யாரோ இலைக்குள் வலை போட்டு வைத்ததுபோல. அதைப் பார்க்கப் பார்க்க அவர் கை வேகமாயிற்று. இன்னும் சாம்பல், இன்னும் தண்ணீர். வீட்டுக்கு வந்தாலும் உட்காருவதில்லை. காலை இழுத்துக்கொண்டு அடுப்புக்கும் வாசலுக்கும் நடப்பார். முறத்திலிருக்கும் அரிசியில் கல் பொறுக்குவார், பொறுக்கி முடித்த அரிசியை மறுபடி பொறுக்குவார்.

"அந்தக் கையைக் கழட்டி வெளிய வச்சிட்டு வாரும், சோறு வைக்கேன்" என்பாள் முத்துப்பேச்சி.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கப் போனார்கள். லயத்துக்குப் பின்னால் சாம்பல் குழி ஒன்று உண்டு, முப்பது அடுப்புச் சாம்பலும் அங்கேதான் விழும். மழையில் அது கரைந்து பக்கத்து நிரைக்குள் இறங்கும். அந்த நிரையை எல்லாக் கவ்வாத்துக்காரருக்கும் தெரியும். செடி குட்டை, வெட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, அரை நாளில் முடித்துவிட்டு உட்காரலாம். அதனால் அந்த நிரைக்கு அடிபிடி நடக்கும். எதனால் செடி குட்டை என்று யாரும் கேட்டதில்லை.

ரத்தினசாமி அங்கே நின்றுவிட்டார். குட்டைச் செடி ஒன்றின் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள். அதே வலை.

"என்ன அங்கேயே நின்னுட்டீரு? மக சோறாக்கி வச்சிருப்பா."

"பேச்சி, நான் அதுக்குத் தினமும் விசம் வச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

"எதுக்கு?"

"பூத்தேயிலைக்கு. சாம்பலும் சுண்ணாம்பும் இந்தச் சாதிக்கே ஆகாது. இது தேயிலைக்குக் கூடப்பிறந்தது. பேரு வச்ச நமக்கே தெரியாமப் போச்சு பாரு."

மகள் வீட்டில் அவர் சாப்பிட்டது அவருக்கு நினைவில்லை. மறுநாள் விடிந்ததும் செடியடியில் மண்டியிட முடியாமல் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து, கையாலேயே மண்ணை வழித்தெடுத்தார். மண்வெட்டி போட்டால் மேலோட்டமான வேர் அறுந்துவிடும். ஒரு சாண் ஆழத்துக்கு அள்ளி, சாக்கில் கட்டி ஓடைக்கரையில் கொட்டினார். சோலைக்காட்டிலிருந்து இலை மக்கின கறுப்பு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து நிரப்பினார். மேலே காய்ந்த இலையைப் பரப்பினார். கல்லில் இருந்த வெள்ளையைத் தேங்காய் நாரும் மணலும் வைத்துத் தேய்த்தே எடுத்துவிட்டார்.

இன்னாசிராஜ் வெளியே வந்து பார்த்தார்.

"என்ன வே, வெள்ளைக் கல்லைக் கறுப்பாக்கிக்கிட்டு இருக்க?"

"அடுத்த வெள்ளை கிறிஸ்மஸுக்குத்தானே பட்லரையா. அதுவரைக்கும் கல்லு மூச்சு விடட்டும்."

"கல்லு மூச்சு விடுதோ! சரிதான். கால்ல அடிபட்டவனுக்குத் தலையிலயும் பட்டிருக்கு."

ஆனி பிறந்து மழை இறங்கியது. இந்தப் பக்கத்து மழை ஆளையும் மலையையும் பிரித்துக் காட்டாது. தண்ணீர் தேங்காமல் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிவிட்ட பிறகு செடிக்குச் செய்ய ஒன்றுமில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றி வருவார். சுற்றின தடம் சேறாகி, அந்தச் சேற்றில் அவர் வலது கால் இழுபட்ட கோடு மட்டும் வளையமாகத் தெரியும். கங்காணி ஒருநாள் குடையோடு அந்த வழியாகப் போனார். "என்ன ரத்தினம், கோயில் பிரகாரமா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனார்.

ஆவணியில் நுனியில் புதுத் துளிர் வந்தது. பச்சை. கலப்பில்லாத பச்சை. அதற்குக் கொஞ்ச நாளில் இலைக்காம்பின் இடுக்கில் குண்டு குண்டாய் ஏதோ தெரிந்தது. இலைமொட்டு ஊசிபோல இருக்கும், இது பட்டாணிபோல இருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "விட்டிருக்கு" என்றார். அப்படி அவர் சொன்னபோது குரல் அடங்கிப் போயிருந்ததாம், களவு செய்தவன் சொல்வதுபோல.

மறுநாளே அந்தத் தப்பு நடந்தது. செடிப் பக்கம் நின்று வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார். நினைவு வந்து பார்த்தபோது உள்ளங்கையில் ஒரு மொட்டு. எப்போது கிள்ளினார் என்று அவருக்கே தெரியவில்லை. இருபது வருஷத்துக் கை.

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொன்றைச் சுற்றி, முடிச்சைப் பல்லால் இறுக்க முடியாதே என்று திண்டாடி, கடைசியில் ஒரு வளையம் போட்டு அதற்குள் கையை நுழைத்துக்கொண்டார். அதிலிருந்து, தண்ணீர் ஊற்றும் நேரம் தவிர, செடிக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார். துரைசாணி வராந்தாவிலிருந்து இதைப் பல நாள் பார்த்துவிட்டு, அந்த ஆள் ஜெபம் செய்கிறானா என்று பட்லரிடம் கேட்டாளாம். ஆமாம் என்று சொல்லிவிட்டார் இன்னாசிராஜ். உள்ளதைச் சொன்னால் நம்பமாட்டாள் என்று நினைத்திருக்கலாம்.

ஐப்பசியில் மகள் வீட்டிலிருந்து சேதி வந்தது. முழுகாமல் இருக்கிற வேலுத்தாய்க்கு ஏழு மாதம் ஆயிற்று, தையில் பேறுகாலம். தலைப்பிள்ளை. மகள் தாய்வீட்டுக்கு வரவேண்டும். தாய்வீடு என்றால் அந்த லயத்து அறைதான். முத்துப்பேச்சி அன்றைக்கே பழைய சேலை ஒன்றைத் தொட்டிலுக்கென்று மடித்து வைத்தாள். அதுதான் ரத்தினசாமியை விரட்டியது. மொட்டு பட்டாணியிலிருந்து கோலிக்குண்டு ஆயிற்று. கார்த்திகையில் நாலு நாள் மழை நின்று வெயிலடித்தபோது இரண்டு மொட்டு உதிர்ந்தது. மண் காய்ந்து காய்ந்து நனைவது அதற்குப் பிடிக்காது என்று தெரிந்துகொண்டு, தினமும் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து அளந்து ஊற்றினார். அந்த விரலை நம்பி விட்டார், மற்றவற்றை நம்பவில்லை.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது இன்னாசிராஜ் சுண்ணாம்பு வாளியோடு வந்தார்.

"துரை சொல்லிட்டாரு. கல்லு வெள்ளை. நாளைக்கு."

"பட்லரையா, சுண்ணாம்பு இதுக்கு விசம். நீங்க துரைகிட்டக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க."

"விசமா? அப்ப வெத்தலைக்கு எதுக்கு வே தடவிப் போடுத? செத்தா போன?"

"நான் மனுசன். அது தேயிலைச் சாதி."

"இதை எந்த இங்கிலீசுல சொல்ல நான்? தேயிலைச் சாதியாம்! நாளைக்குச் சாயங்காலம் துரை நடக்க வருவாரு. கல்லு வெள்ளையா இருக்கணும், அவ்வளவுதான்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் ஒரு நாழி அரிசியை ஊறவைத்து ஆட்டுக்கல்லில் போட்டு ஆட்ட ஆரம்பித்தார். முத்துப்பேச்சி கொழுந்துக்கூடையை இறக்கிவைத்தபடி பார்த்தாள்.

"என்ன விசேசம், தோசையா?"

"கல்லுக்கு."

"எந்தக் கல்லுக்கு?"

"பங்களாக் கல்லுக்கு. மாக்கோலம் மாதிரி பூசிட்டா வெள்ளையாத்தான் தெரியும். செடிக்கும் கெடுதல் இல்ல."

"வாசல்ல கோலம் போட ஒரு கை மாவு எடுத்தா என்னைப் பிடுங்குவீரு. இப்ப கல்லுக்குத் தோசை ஊத்தப் போறீரா? ஆட்டும், ஆட்டும். துரைசாணி வந்து சட்னி கேக்கும், அதையும் அரைச்சு வையும்." சொல்லிவிட்டு அவரைத் தள்ளி உட்காரச் சொல்லி அவளே ஆட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பதினாலு கல்லும் பால்போல வெள்ளை. சாயங்காலம் துரை மழைத்தூறலால் வெளியே வரவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் ரத்தினசாமி போய்ப் பார்த்தார். கல்லெல்லாம் பழையபடி கறுப்பாக, ஈரமாக, வழவழவென்று இருந்தன. சுற்றிலும் குளம்புத் தடம். மிளா. ராத்திரி அந்தப் பெரிய காட்டுமான் வந்து பதினாலு கல்லையும் நக்கித் துடைத்திருக்கிறது. நக்கி முடித்துத் தலையைத் தூக்கினபோது வாய்க்கு எட்டினதையும் விடவில்லை. தோளளவுக்குக் கீழே ஒரு மொட்டு மிச்சமில்லை, ஒரு கிளை முறிந்து தொங்கியது. மேலே மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது.

முறிந்த கிளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் பக்கத்தில் இன்னாசிராஜ் வந்தார்.

"எங்க வே வெள்ளை?"

"மிளா நக்கிட்டு."

"மிளா சுண்ணாம்பு நக்குமா?"

"சுண்ணாம்பு இல்ல. அரிசி மாவு."

பட்லர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக் கோட்டுப் பொத்தான் தெறிக்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரு ரத்தினம். இன்னைக்குச் சாயங்காலம் துரை கண்டிப்பா வருவாரு. அதுக்குள்ள அசல் சுண்ணாம்பு அடிச்சிரு. இல்லைன்னா நடந்ததை நானே சொல்ல வேண்டிவரும். என் சோத்தையும் நான் பாக்கணும்ல."

வாளி அங்கேயே இருந்தது. ரத்தினசாமி சுண்ணாம்பைக் கலக்கினார். மட்டையை முக்கினார். கணக்கு சுலபம்: சுண்ணாம்பு இறங்கி வேரைப் பிடித்து இலையில் தெரிய மாதக்கணக்கு ஆகும். மேலே இருக்கிற மொட்டு அதற்குள் பூத்துவிடும். புதுவருச விருந்துக்குத்தானே பூக்கச் சொன்னார்கள். பூத்தால் அவர் தோட்டக்காரன், மகளுக்குத் தாய்வீடு இருக்கும். அடுத்த வருஷம் மஞ்சளடித்தால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு கல்லுக்கு அடித்தார். இரண்டாவது கல்லுக்கு முன்னால் மட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்குத் தெரியாது. மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டி அவர் காலில்தான் விழுந்துகொண்டிருந்தது. செடியில் விழாமல் காலை நீட்டி வைத்திருந்தார்.

நடுப்பகலில் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் பங்களாப் பாதை வழியாகத் திரும்பினார்கள். முத்துப்பேச்சி அவருடைய காலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள், கூடையை இறக்கினாள். நடந்ததை அவர் சொன்னார்.

"கல்லு வெள்ளையா இருக்கணும்னு சொன்னாவ. செடியைச் சுத்தித்தான் இருக்கணும்னு யாராவது சொன்னாவளா?"

"சொல்லலை."

"பின்ன ஏன் நிக்கீரு? ஏ குருவம்மா, இங்க வா. இந்தக் கல்லை அந்தப் பாதை ஓரத்துக்கு உருட்டணும்."

குருவம்மாள் இவளோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளுகிறவள், உருண்டு திரண்ட உடம்பு. "சம்பளம் உண்டா?" என்றாள்.

"தோசை உண்டு. மிளா மிச்சம் வச்சிருந்தா."

ரத்தினசாமி முதல் கல்லைத் தூக்கக் குனிந்தார். முத்துப்பேச்சி அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"நீரு தொடாதேயும். நீரு கல்லு தூக்குததைத் துரை பார்த்தாருன்னா, கால் நல்லாயிட்டுன்னு நாளைக்கே மேட்டு நிரைக்கு ஏத்திருவாரு. உக்காந்து வெள்ளை அடியும்."

நாலு பெண்கள் கல்லை உருட்டினார்கள். வாசல் கதவிலிருந்து வராந்தாப் படிவரை, பாதைக்கு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. அவர் காலை நீட்டி உட்கார்ந்தபடி நகர்ந்து நகர்ந்து இரண்டு பூச்சு அடித்தார். செடியைச் சுற்றி வெறும் மக்கின இலை மட்டும் இருந்தது.

சாயங்காலம் துரை வந்தார். தடியால் ஒரு கல்லைத் தட்டினார், அடுத்ததைத் தட்டினார், பாதை நெடுகப் பார்த்தார். பட்லர் அவருக்குப் பின்னால் நின்றார். ரத்தினசாமியின் கை முதுகுக்குப் பின்னால் துண்டுக்குள் இருந்தது.

"வெள்ளை நல்லா இருக்கு" என்றார் துரை தன் தமிழில். "ராத்திரி வண்டிக்கு வழி தெரியும். நல்ல வேலை, பட்லர்."

"யெஸ் சார்" என்றார் இன்னாசிராஜ். துரை போன பிறகு ரத்தினசாமியைப் பார்க்காமலே, "என் யோசனைன்னு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கிறிஸ்மஸ் போயிற்று. மொட்டு விரியவில்லை, நுனியில் சிவப்பு மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து வானம் தெளிந்து பனி இறங்க ஆரம்பித்தது. இருட்டுகிற நேரத்தில் அவர் தன் கம்பளியைச் செடிமேல் போர்த்திவிட்டு, சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

"கட்டினவளுக்கு ஒருநாள் போர்த்திவிட்டதில்ல" என்பாள் முத்துப்பேச்சி, நடுங்குகிறவருக்குக் கட்டங்காப்பி கொடுத்துக்கொண்டே.

வெயில் படுவதற்கு முன்னால் போய்க் கம்பளியை எடுத்து, இலையில் உறைந்திருப்பதைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவிவிடுவார். உறைந்தபடியே வெயில் பட்டால் மொட்டு வெந்துவிடும். தேயிலைத் துளிர் அப்படிக் கருகுவதை எத்தனை மார்கழி பார்த்திருக்கிறார். அப்படியும் இரண்டு மொட்டு ஓரம் பழுத்தது.

இருபத்தொன்பதாம் தேதி முதல் பூ விரிந்தது. முத்துப்பேச்சி வேலை முடிந்து பார்க்க வந்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மறுபடி கொண்டுபோனாள்.

"வாசமே இல்லியே!"

"இல்ல."

"தலையில வச்சா ஒரு நாழி நிக்குமா?"

"காம்பு இல்லியே, எங்க நிக்கும்?"

"இதுக்கா இந்தப் பாடு?" என்றாள். ஆனாலும் உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் நின்றாள்.

புதுவருசத்தன்று காலையில் ஐந்து பூ இருந்தது. துரைசாணி தையல் கத்தரியும் வெள்ளிக் கிண்ணமுமாக இறங்கி வந்தாள். ரத்தினசாமி தள்ளி நின்றார். கத்தரி மழுங்கல். கிளை நுனியை அறுக்காமல் நசுக்கியது. ஒவ்வொரு நசுக்கலுக்கும் அவர் தோள் ஒருதரம் ஏறி இறங்கியது. ஐந்தையும் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். செடி பழையபடி வெறும் பச்சை. பத்து மாதத்து வேலை ஒரு நிமிஷத்தில் போயிற்று.

அவள் இன்னாசிராஜிடம் ஏதோ சொன்னாள். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"என்ன சொல்லுதாவ பட்லரையா?" என்றார் ரத்தினசாமி.

"அஞ்சுதானான்னு கேக்காவ. வார வருசம் இன்னும் நிறைய வேணுமாம். மிளாவுக்கு வேலி போடச் சொல்லுதாவ."

"வார வருசமா?"

"ஆமா."

"அப்ப சீட்டு?"

"காது கேக்கலையா வே? வார வருசம்னாவ. வேலின்னாவ. என் மச்சானா வந்து வேலி போடுவான்?" பட்லர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு துரைசாணிக்குப் பின்னால் படியேறினார்.

ரத்தினசாமி துண்டிலிருந்து கையை உருவினார். கை மரத்துப் போயிருந்தது, உதறிக்கொண்டார். மாசியிலிருந்து எடுக்காத கவ்வாத்துக் கத்தியை அன்றைக்கு என்னவோ இடுப்பில் செருகி வந்திருந்தார். கத்தரி நசுக்கின ஐந்து இடத்தையும் கண்டுபிடித்து, ஒவ்வொன்றாகச் சாய்த்து, ஒரே வெட்டாகச் சீவிவிட்டார். விரலை வைத்துப் பார்த்தார். வழுக்கியது.

வீட்டில் முத்துப்பேச்சி மகளுக்கென்று ஒரு மூலையைக் கூட்டி, கோணி விரித்துக்கொண்டிருந்தாள். சேதியைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இன்னொரு கோணியையும் உதறி விரித்தாள்.

"சரி. இனியாவது நிம்மதியா ஒரு இடத்துல உக்காரும்."

"அடுத்த மொட்டு ஆவணியிலதான் தெரியும்" என்றார்.

"அதுக்கு?"

"எட்டு மாசம் கிடக்கு." உட்காரப் போனவர் உட்காரவில்லை. கம்பளியின் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்தார். "அந்த மிளா எந்த வழியா ஏறி வந்துச்சுன்னு ஒரு எட்டு பார்த்துட்டு வந்துருதேன்."

முத்துப்பேச்சி பதில் சொல்வதற்குள் வாசலுக்குப் போய்விட்டார். ஐந்து படியையும் பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்து, ஒவ்வொன்றாக இறங்கிப் போனார்.